மார்க் குறைந்தால் மிருதங்கத்தை நிறுத்தலாமா?

திங்கட்கிழமை காலையில் மட்டும் வயிற்றுவலி. ஞாயிறு சாயங்காலம் கிரிக்கெட் ஆடும்போது வராத வலி, ஸ்கூல் வேன் ஹாரன் கேட்டதும் வந்துவிடும்! டாக்டர் ஸ்கேன்வரை எடுத்துப் பார்த்துவிட்டு, "ஒண்ணுமில்லையேம்மா" என்பார். "அப்ப நடிக்கிறான் டாக்டர்!" என்பாள் அம்மா.

எல்லாம் நடிப்பில்லை. பயமும் வெறுப்பும் வயிற்றைப் பிசையும். அந்த வலி நிஜம்தான் என்று வைத்தியம் சொல்கிறது.

படிப்பை விட்டவன் என்றால் ஓட்டலில் டேபிள் துடைக்கிற பையன்தான் நமக்கு ஞாபகம் வருகிறான். நம் வீடுகளிலும் உண்டுங்க. யூனிஃபார்ம் போட்டு, டிபன் பாக்ஸ் எடுத்துக்கொண்டு, ஃபீஸும் ஒழுங்காகக் கட்டி, கடைசி பெஞ்சில் உட்கார்ந்தபடியே படிப்பை விட்டவர்கள்! எட்டாவது, ஒன்பதாவது வாக்கில், 'எனக்கு இது வராது' என்று தனக்குத்தானே தீர்ப்பு எழுதிக்கொண்ட பிள்ளைகள்.

அப்போது நாம் என்ன செய்கிறோம்? முதல் வேலையாக மிருதங்க வாத்தியாருக்கு போன். "சார், பப்ளிக் எக்ஸாம் வருது... கொஞ்ச நாள் வேண்டாம்." ட்ராயிங் நோட்டு பரண்மேல் ஏறும். அந்த நேரத்துக்கு இன்னொரு ட்யூஷன். எங்கே அடி விழுகிறதோ, அதே இடத்தில் கூடுதலாக ரெண்டு மணி நேரம்!

இது தலைகீழ் வைத்தியம் என்பது என் கட்சி. படிப்பின்மேல் நம்பிக்கை போன பிள்ளைக்கு, 'என்னாலும் ஒன்று முடியும்' என்று சொல்லிக்கொண்டிருப்பது அந்த ஒரு மணி நேரம்தான். அதையே வெட்டினால் மிச்சம் என்ன?

கொஞ்சம் யோசித்துப் பாருங்கள். பரீட்சையில் தப்புப் பண்ணினால் பத்து நாள் கழித்து, சிவப்பு மையில், நாற்பது பேர் முன்னால் தெரியவரும். திருத்தி எழுத வாய்ப்பும் கிடையாது. மிருதங்கத்தில் ஒரு சொல் தப்பினால் அடுத்த நொடியே காதுக்குத் தெரியும். "இன்னொரு தரம் வாசி" என்பார் வாத்தியார். முப்பது தரம் தப்பி முப்பத்தோராவது தரம் சரியாக விழும்போது ஒரு முகம் மலருமே... கற்றுக்கொள்வது என்பதே அதுதானே? அந்த ருசி ஒருமுறை நாக்கில் பட்டவன், கணக்கையும் கொஞ்சம் பொறுமையாகப் பார்ப்பான்.

காஞ்சிபுரம் பக்கத்தில் புஞ்சரசந்தாங்கல் என்று ஒரு கிராமம். கட்டைக்கூத்துக் கலைஞர் ராஜகோபால் பத்து வயதில் பள்ளியை விட்டு, அப்பாவின் கூத்துக் குழுவில் சேர்ந்தவர். ஆட்டமா, படிப்பா? ரெண்டில் ஒன்றுதான் என்ற நிலைமை அன்று. தன் பின்னால் வருகிற பிள்ளைகளுக்கு அந்த நிலைமை வேண்டாமென்று, அவரும் மனைவி ஹன்னே டி புருயினும் கட்டைக்கூத்துச் சங்கத்தின் மூலம் 2002-ல் ஒரு குருகுலம் ஆரம்பித்தார்கள். கூத்தும் பள்ளிப்பாடமும் ஒரே கூரையின் கீழ். ஆண்களே ஆடிவந்த கூத்தில் பெண் பிள்ளைகளும் ஏறி ஆடினார்கள். 2020-ல் அது மூடப்பட்டது. ஆனால் பதினெட்டு வருஷம், ஆட்டத்தை நிறுத்தாமலே படிக்கவைக்க முடியும் என்று நடத்திக் காட்டிய இடம் அது. விடிய விடிய பாட்டும் வசனமும் மனப்பாடமாகச் சொல்கிற பிள்ளையைப் பார்த்து, 'மண்டையில் ஏறாது' என்று யார் சொல்ல முடியும்?

"எங்க பையனுக்குப் பாட்டும் வராது, படமும் வராது" என்கிறீர்களா? கலை என்றால் மேடைதான் என்றில்லை. கான்பூர் ஐ.ஐ.டி.யில் படித்த அரவிந்த் குப்தா, 1978-ல் மத்தியப் பிரதேசத்தின் ஹோஷங்காபாத் பள்ளிகளில் நடந்த அறிவியல் திட்டத்துக்குப் போனார். கையில் எடுத்தது தீக்குச்சியும் சைக்கிள் வால்வு ட்யூபும்! குச்சியின் மருந்தைச் சுரண்டிவிட்டு, ட்யூபைச் சின்னத் துண்டுகளாக நறுக்கி, மூலைகளில் செருகினால் முக்கோணம், சதுரம் எல்லாம் வரும். விரலால் அழுத்திப் பாருங்கள். சதுரம் சாய்ந்துவிடும், முக்கோணம் அசையாது. கரண்ட் டவரில் ஏன் இத்தனை முக்கோணம் என்பது, போர்டில் எழுதாமலே பையனுக்குப் புரிந்துவிடும். ராத்திரி சாப்பாடு முடிந்து பத்து நிமிஷம் போதும். அப்பாவும் தரையில் உட்கார வேண்டும், அவ்வளவுதான்.

"கலை சோறு போடுமா?" என்று ஒரு கேள்வி வரும். நான் அவனை வித்வானாக்கச் சொல்லவில்லை. காலேஜ் வரைக்கும் மனசு உடையாமல் போய்ச் சேரட்டும் என்கிறேன். ஆனால் நம்மவர்களுக்கு ஒரு வியாதி: ட்ராயிங் கிளாஸையும் இன்னொரு ஸ்கூலாக்கிவிடுவது! கிரேடு எக்ஸாம், போட்டி, கப்பு, பக்கத்து வீட்டுப் பெண்ணோடு ஒப்பீடு... அப்புறம் புதன்கிழமை சாயங்காலமும் வயிற்றுவலி வரும்.

ஒரு எச்சரிக்கை. மார்க் திடீரென்று சரிந்தால் கண், காது ரெண்டையும் முதலில் சோதியுங்கள். எழுத்துக்கள் குழம்புகிற டிஸ்லெக்சியா இருக்கிறதா என்றும் பார்க்கச் சொல்லுங்கள். 2007-ல் வந்த 'தாரே ஜமீன் பர்' படத்தைப் பார்த்துக் கர்ச்சீப் நனைய அழுத நாமே, வீட்டுக்கு வந்து "போய்ப் படிடா" என்றவர்கள்தானே! பிள்ளை தூங்காமல், சாப்பிடாமல், யாரோடும் பேசாமல் இருந்தால் மிருதங்கம் மட்டும் போதாது. மனநல டாக்டரிடம் காட்டுங்கள். செத்துப்போகலாம் போலிருக்கிறது என்று ஒரு வார்த்தை சொன்னாலும் அதைக் காத்திருக்க வைக்காதீர்கள். 2022-ல் மத்திய அரசு தொடங்கிய டெலி மனாஸில், 14416 என்ற எண்ணில் இரவு பகல் எப்போதும் பேசலாம்.

மற்றபடி, அடுத்த மாச ஃபீஸை வாத்தியாருக்குக் கட்டிவிடுங்கள். "எப்ப சார் அரங்கேற்றம்?" என்று மட்டும் கேட்காதீர்கள்.