வைக்கோல் இல்லாத செங்கல்



2020ஆம் ஆண்டின் ஊரடங்கில் நம்முடைய வாலிபர்கள் அநேகர் பெங்களூரிலிருந்தும் ஓசூரிலிருந்தும் மடிக்கணினியோடு மாரண்டஹள்ளிக்குத் திரும்பினார்கள். சிலர் இன்றுவரை இங்கேயே இருந்து வேலை செய்கிறார்கள். தக்காளித் தோட்டத்தை அடுத்த ஒரு சிறிய அறையே அவர்களுக்கு அலுவலகம். "வீட்டில் உட்கார்ந்து சம்பளம் வாங்குகிறவனுக்கு மனக்கஷ்டம் என்ன?" என்று ஆலய வாசலிலேயே பேசிக்கொள்கிறோம். இந்தப் பேச்சை நான் எதிர்க்கிறேன். அதைவிட வன்மையாக எதிர்ப்பது, இதே எண்ணத்தோடு அவர்களை வேலை வாங்குகிற தலைவர்களை. அவர்களிலும் சிலர் நம் சபையாரே.

யாத்திராகமம் 5ஆம் அதிகாரத்தை வாசித்துப் பாருங்கள். பார்வோன் வைக்கோல் கொடுப்பதை நிறுத்தினான். செங்கல்லின் கணக்கை மட்டும் குறைக்கவில்லை. ஜனங்கள் முறையிட்டபோது அவர்களைச் சோம்பேறிகள் என்றான். தூரத்திலிருந்து வேலை செய்கிறவனின் நிலையும் இதற்கு ஒத்ததே. அலுவலகத்தில் அவனுக்கு இருந்த வைக்கோல் எது? அருகில் அமர்ந்தவரிடம் ஒரு சந்தேகம் கேட்பது, சேர்ந்து உண்பது, முகம் வாடியிருந்தால் "என்னப்பா?" என்று ஒருவர் விசாரிப்பது, மாலையில் பேருந்து ஏறியதும் அன்றைய வேலை முடிந்துவிடுவது. இவை யாவும் எடுபட்டன. கணக்கு மட்டும் அப்படியே நிற்கிறது. திரையில் பச்சைப் புள்ளி எரிகிறதா என்று பார்ப்பதே மேற்பார்வை என்றாகிவிட்டது. அது மங்கினால் சோம்பேறி. இரவு பத்து மணிக்கு வந்த செய்திக்குப் பதில் இல்லையென்றால் பொறுப்பற்றவன்.

பெரிய மனிதர்களும் இதற்கு எண்ணெய் ஊற்றுகிறார்கள். 2023 அக்டோபரில் இன்ஃபோசிஸ் நாராயணமூர்த்தி வாரத்துக்கு 70 மணி நேரம் உழைக்க இளைஞரை அழைத்தார். 2025 ஜனவரியில் எல் அண்ட் டி தலைவர் சுப்பிரமணியன் 90 மணி நேரம் என்றார். ஞாயிற்றுக்கிழமை வேலை வாங்க முடியவில்லையே என்றும் வருந்தினார். அதே மாதக் கடைசியில் வெளிவந்த மத்திய அரசின் பொருளாதார ஆய்வறிக்கையோ, வாரத்துக்கு 60 மணி நேரத்துக்கு மேல் மேசையில் கட்டுண்டு கிடப்பது மனநலத்தைக் கெடுக்கும் என்பதை எடுத்துக் காட்டியது. உலக சுகாதார நிறுவனமும் சர்வதேச தொழிலாளர் அமைப்பும் 2021இல் வெளியிட்ட ஆய்வின்படி, 55 மணி நேரத்துக்கு மேல் உழைப்பவருக்குப் பக்கவாத ஆபத்து 35 சதவீதம் அதிகம். ஓய்வுநாளைக் கட்டளையாகவே கொடுத்த தேவனைத் தொழுகிறவர்களுக்கு இந்தப் புள்ளிவிவரங்கள் தேவைப்படுவதே வெட்கம்.

"நாங்கள் ஆலோசனை மையத்தின் எண்ணை அனுப்பினோம், யோகா வகுப்பு வைத்தோம்" என்று சில நிறுவனங்கள் சொல்லும். வைக்கோலைப் பிடுங்கிக்கொண்டு களிம்பு கொடுக்கிற காரியம் இது. நம் பக்கத்திலும் ஒரு களிம்பு உண்டு: "விசுவாசம் குறைவு, இன்னும் ஜெபியுங்கள்." எலியா சூரைச்செடியின் கீழ் சாவைக் கேட்டபோது தேவதூதன் அவனுக்குப் பிரசங்கம் பண்ணவில்லை. அப்பமும் தண்ணீரும் கொடுத்துத் தூங்கவிட்டான். மறுபடியும் எழுப்பி மறுபடியும் உணவு கொடுத்தான். மோசே பாரம் தாங்காமல், என்னைக் கொன்றுபோடும் என்று கதறியபோது கர்த்தர் எழுபது மூப்பரைக் கூட நிறுத்தி அந்தச் சுமையைப் பங்கிட்டார்.

தூரத்திலிருந்து நடத்துவது எப்படி என்று கேட்கிற மேலாளருக்குப் பவுலைவிட நல்ல மாதிரி எங்கே கிடைக்கும்? அவர் ஊழியத்தின் பெரும்பகுதி தூரத்து ஊழியமே. தெசலோனிக்கேயரின் நிலை அறியாமல் தவித்தபோது, தாம் அத்தேனே பட்டணத்தில் தனித்திருக்கத் துணிந்து, தீமோத்தேயுவை நேரில் அனுப்பினார். கணக்குக் கேட்க அல்ல, திடப்படுத்த. எப்பாப்பிரோதீத்துவின் காரியம் இன்னும் அருமை. வீட்டைவிட்டு வெகுதூரத்தில் ஊழியம் செய்த அவர் வியாதிப்பட்டு மரணத்துக்குச் சமீபமானார். ஊரார் அதைக் கேள்விப்பட்டதினால் மனம் வியாகுலப்பட்டார். அந்த வியாகுலத்தைப் பவுல் மறைக்காமல் எழுதினார். தமக்கு உதவியாள் இல்லாமற்போகும் என்று தெரிந்தும் அவரை வீட்டுக்கு அனுப்பினார். தோற்றுத் திரும்பியவராக எண்ணாமல் கனத்தோடு ஏற்றுக்கொள்ளும்படி சபைக்குச் சொன்னார். காவலிலிருந்த ஒருவரே இதைச் செய்யக் கூடுமானால், குளிரூட்டிய அறையிலிருக்கிற நீங்கள் ஏன் கூடாது?

ஆகையால் உங்களில் மேலாளராயிருக்கிறவர்களுக்குச் சொல்லுகிறேன். வாரத்தில் ஒருமுறை, வேலைக் கணக்கு ஒன்றும் கேட்காமல், அவனோடு தொலைபேசியில் பேசுங்கள். மாதத்தில் ஒருநாள் முகமுகமாய்ச் சந்தியுங்கள். ஓசூர் நமக்குத் தூரமல்ல. கூட்டத்தில் எப்போதும் கேமராவை அணைத்து வைக்கிறவனைத் தண்டிக்குமுன் தனியே விசாரியுங்கள். அவனுடைய வேலை அளவை நிஜமாகவே குறையுங்கள். ஞாயிறு ஆராதனை நேரத்தில் பெஞ்சுகளில் அதிரும் செல்பேசிகளில் சில, உங்களால் அதிருகிறவை.

வாலிபரே, டெலி மானஸ் என்னும் மத்திய அரசின் இலவச மனநல உதவி எண் 14416. இரவும் பகலும் தமிழிலேயே பேசலாம். தர்மபுரி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையிலும் மனநல மருத்துவரைப் பார்க்கலாம். தனியே போகக் கூச்சமாயிருந்தால் எனக்குச் சொல்லுங்கள்; காலை பேருந்தில் நானும் கூட வருகிறேன்.