கணிப்பொறிக்குத் தாளம் தெரியுமா?

கணிப்பொறி கணக்குப் போடும். கலைக்கும் அதற்கும் என்ன உறவு? இப்படிக் கேட்பவர்கள் நம் கல்லூரியிலும் உண்டு. உறவு இருக்கிறது என்பதும், அந்த உறவைக் கண்டறியும் கடமை நம்மைப் போன்ற மாணவர்களுக்கே உண்டு என்பதும் என் கருத்து.

பள்ளியில் சார்புகள் படித்தோம். ஓர் எண்ணை இட்டால் வேறோர் எண் வரும். ஒரு சார்பின் விடையை இன்னொரு சார்புக்குள் இடலாம். இந்த ஒரு கருத்தையே அடித்தளமாகக் கொண்டு எழுந்தவை சார்புநிலை நிரல்மொழிகள். அவற்றுள் 1990-இல் வெளிவந்த ஹாஸ்கெல் புகழ் பெற்றது. அமெரிக்காவின் யேல் பல்கலைக்கழகப் பேராசிரியர் பால் ஹூடாக் அந்த மொழியைக் கொண்டு இசை அமைக்க வழி கண்டார். ஹாஸ்கோர் என்னும் அவரது முறை 1996-இல் கட்டுரையாக வெளிவந்தது. அதில் இசையை இணைக்க இரண்டே வழிகள்: ஒன்றன்பின் ஒன்றாக ஒலிப்பது, ஒன்றோடொன்று சேர்ந்து ஒலிப்பது. சுருதியை உயர்த்துவது ஒரு சார்பு. காலத்தை விரைவாக்குவது இன்னொரு சார்பு. எதை முதலில் செய்தாலும் விடை ஒன்றே.

இது நமக்குப் புதிதா? சரளி வரிசை பாடும் குழந்தையைக் கேளுங்கள். ஆதி தாளத்தில் முதற்காலத்தில் எண்ணிக்கைக்கு ஒரு ஸ்வரம், இரண்டாம் காலத்தில் இரண்டு, மூன்றாம் காலத்தில் நான்கு. பாடம் அதேதான், அதன்மேல் ஒரு சார்பு செயல்படுகிறது. ஜண்டை வரிசையில் ஒவ்வொரு ஸ்வரமும் இரட்டிக்கிறது; அது வேறொரு சார்பு. சிலப்பதிகாரத்து ஆய்ச்சியர் குரவையில் ஏழு பெண்களுக்குக் குரல், துத்தம், கைக்கிளை, உழை, இளி, விளரி, தாரம் எனப் பெயரிட்டு வட்டமாக நிறுத்துகிறாள் மாதரி. அந்த வட்டத்தில் தொடங்கும் இடத்தை மாற்றினால் பண் மாறும். கணிப்பொறி பிறப்பதற்குப் பல நூற்றாண்டுகளுக்கு முன்பே இசையை எண்ணமாகக் கண்டவர்கள் நாம்.

தாளத்திலும் அப்படியே. ஆதி தாளத்தில் பாதி ஆவர்த்தனம், அதாவது பதினாறு மாத்திரை மீதம் இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். "தகதிமி" என்ற நான்கை மூன்று முறை சொல்லி, இடையிடையே இரண்டு மாத்திரை இரு முறை விட்டால் பதினாறு நிறையும். அடுத்த அடி சமத்தில் விழும். இதை ஹாஸ்கெல்லில் ஒரே வரியில் எழுதிவிடலாம்.

எழுதியும் பார்த்தேன். என் தாய்மாமன் பம்பை அடிப்பவர். மாசி மாதம் நம் காவேரிப்பட்டினத்து மயானக் கொள்ளையன்று அந்த ஒலி கேட்டு ஊரே எழுந்து நிற்கும். ஆனால் வீட்டில் எனக்குச் சொன்னதெல்லாம், "நீ கம்ப்யூட்டர் படி, இந்தத் தோல் உன் கைக்கு வேண்டாம்" என்பதுதான். மாமன் அடிக்கும் ஓர் அடிவரிசையை எண்ணி, நிரலாக எழுதி, அவருக்கே போட்டுக் காட்டினேன். கடைசிவரை கேட்டார். "கணக்கு சரியாத்தான் இருக்கு மாப்ளே. ஆனா இதுக்கு ஆத்தா இறங்க மாட்டா" என்றார். பிறகு தொடையில் தட்டிக் காட்டினார். சமத்துக்கு முந்திய அடி என் நிரலில் நேரத்துக்கு வந்தது. அவர் கையில் அது இம்மியளவு பிந்தி வந்தது. அத்தனை ஆண்டு அவர் பக்கத்தில் இருந்தும் அதை நான் கவனித்ததில்லை. என் நிரல் தோற்ற இடத்தில்தான் அவருடைய வித்தை கண்ணுக்குத் தெரிந்தது.

இதே வழியில் ஒரு பெரிய ஆய்வு நம் நாட்டில் நடந்திருக்கிறது. 1980-களின் தொடக்கத்தில் பெர்னார்ட் பெல், ஜேம்ஸ் கிப்பன் என்னும் இருவர் லக்னோவின் தபலா மேதை உஸ்தாத் ஆஃபாக் உசேன் கானிடம் கற்றதை இலக்கண விதிகளாக்கினர். போல் பிராசஸர் என்பது அந்த நிரலின் பெயர். கணிப்பொறி புதுப்புது அடிவரிசைகளைத் தரும். உஸ்தாத் சரி, தவறு என்பார். அவர் தவறு என்றால் விதியைத் திருத்துவார்கள். பின்னாளில் இங்கிலாந்தின் அலெக்ஸ் மெக்லீன் ஹாஸ்கெல்லில் உருவாக்கிய டைடல் சைக்கிள்ஸ் என்னும் இசை நிரலின் குறியீட்டு முறைக்கு இந்த போல் பிராசஸரும் ஊக்கம் தந்தது. லக்னோவின் தாளம் கடல் கடந்துவிட்டது. தென்பெண்ணைக் கரையின் தாளம் எங்கே எழுதப்பட்டிருக்கிறது?

இயந்திரம் வந்தால் கலைஞன் பிழைப்பு போகும் என்று சிலர் அஞ்சுகிறார்கள். அந்த அச்சம் வீணல்ல. வாடகை ஒலிபெருக்கியே பல மேளங்களை வாயடைத்துவிட்டது. ஆனால் நாம் ஒதுங்கி நின்றால் அந்த இழப்பு நிற்குமா? கலைஞர் அறிந்ததும் அவரோடே போய்விடும், அவ்வளவுதான். கமகத்தையும் கைநயத்தையும் நிரல் முழுதாகப் பிடிக்காது என்பதும் உண்மை. எது பிடிபடவில்லை என்று துல்லியமாகச் சொல்ல முடிந்தால் அதுவே அறிவியல்.

ஆகவே பேராசிரியப் பெருமக்களுக்கு ஒரு வேண்டுகோள். மூன்றாமாண்டுத் திட்டப்பணிக்குச் சம்பளப் பட்டியல், நூலகக் கணக்கு என்று ஆண்டுதோறும் அதையே செய்கிறோம். அவற்றோடு ஊர்த் தாளங்களை நிரலாக்கும் பணிக்கும் இடம் தாருங்கள். ஹாஸ்கெல் இலவசமாகவே கிடைக்கிறது. புதிய கருவி எதுவும் வாங்க வேண்டியதில்லை. கணிதத் துறையும் தமிழ்த் துறையும் கைகொடுக்கட்டும். சொல்லிக் கொடுக்கும் கலைஞருக்கு உரிய ஊதியம் தந்து, திட்டப்பணியின் முதல் பக்கத்தில் ஆசிரியர் என்று அவர் பெயரையும் அச்சிடுங்கள்.

தோழர்களே! நம்மில் பலர் வீட்டில் முதன்முதலாகக் கல்லூரிப் படி ஏறியவர்கள். வீட்டில் இருந்த வித்தையை வாசலிலேயே விட்டுவிட்டு வர வேண்டும் என்று நினைத்தோம். அதையும் வகுப்புக்குள் கொண்டு வருவோம்.

— இரண்டாம் ஆண்டு, பி.எஸ்சி. கணினி அறிவியல்