களம்பூர் பொன்னிக்கு எத்தனை பேரு?

விழுப்புரம் - காட்பாடி தடத்துல ரயில்ல போனவங்களுக்குத் தெரிஞ்சிருக்கும். களம்பூர்ல ஒரு ஸ்டேஷன் இருக்கு. ஆனா பலகையில இருக்கிறது 'ஆரணி ரோடு'. ஆரணியோ அங்கிருந்து தள்ளி இருக்கு. ஸ்டேஷன் ஒரு ஊர்ல, பேரு இன்னொரு ஊரோடது. இதுக்காக களம்பூர்க்காரங்க யாரும் 'எங்க பேர்ல போலி உலாவுது'ன்னு சண்டைக்குப் போனதா தெரியல :-)

பேர்னு ஆரம்பிச்சா நம்மாளுங்க அடுத்து இறங்குறது பேர்க்காரணத்துலதான். 'ஆரணி' எப்படி வந்துச்சுன்னு கேட்டுப் பாருங்க. கமண்டல நாகநதி ஊருக்கு அணியா இருக்கு, அதனால 'ஆறு அணி'ன்னு ஒருத்தர் சொல்வார். ஆர்னா அத்தி மரம்னு அடுத்தவர். காடா இருந்த 'ஆரண்யம்' அதுன்னு மூணாமத்தவர். களம்பூருக்கும் இதே கதைதான். நெல்லடிக்கிற களம்னு விவசாயி சொன்னா, போர்க்களம்னு சொல்ல வீரபரம்பரை ஒண்ணு ரெடியா இருக்கும்.

நான் என் பங்குக்கு ஒண்ணு அவிழ்த்து விடறேன். களம்பூரும் கோலாலம்பூரும் பங்காளிங்க! காது கொடுத்துக் கேளுங்க, ரெண்டும் ஒரே மாதிரி ஒலிக்குதா இல்லையா? சோழன் கப்பலேறிப் போய் வச்ச பேர்னு ரெண்டு வரி சேர்த்தா போதும், ஒரு ஆராய்ச்சிக் கட்டுரை தயார். உண்மை என்னன்னா, மலாய் மொழியில 'குவாலா'ன்னா ஆத்து முகத்துவாரம், 'லும்பூர்'னா சேறு. நம்ம ஊரோட ஒட்டு உறவு எதுவும் இல்ல. எல்லாச் சொல்லுக்கும் பொருள் உண்டு, ஆனா அதுக்கான காரணம் பார்த்ததும் புலப்படாதுங்கிற கருத்தைத் தொல்காப்பியர் அப்பவே சொல்லி வச்சுட்டுப் போயிட்டார். நாமதான் கேக்க மாட்டோம்.

ஆனா பாருங்க, பேர்ல இல்லாத மலேசிய உறவு சோத்துல இருக்கு!

களம்பூர்னதும் ஞாபகம் வர்றது 'களம்பூர் பொன்னி' அரிசி. பொன்னின்னா காவிரி. களம்பூரோ பாலாறு, செய்யாறு பக்கத்து ஊர். காவிரித் தண்ணிக்கும் அதுக்கும் சம்பந்தமில்ல. சரி, அரிசியாவது தஞ்சாவூர்ல பொறந்துச்சான்னா அதுவும் இல்ல. 1950கள்ல ஐ.நா.வோட உணவு வேளாண்மை அமைப்பு நடத்துன திட்டத்துல, கட்டாக் நெல் ஆராய்ச்சி நிலையத்துல ஒரு தைவான் ரகத்தையும் ஒரு மலாய் ரகத்தையும் ஒட்டு சேர்த்தாங்க. அதுல இருந்து தேர்ந்தெடுத்த ரகத்தை மலேசியா 1965ல 'மசூரி'ங்கிற பேர்ல வெளியிட்டுச்சு. மசூரின்னா லங்காவித் தீவுக் கதையில, பொய்ப் பழி சுமத்திக் கொல்லப்பட்ட பெண்ணோட பேரு. அந்த மசூரி தமிழ்நாட்டுக்கு வந்து பொன்னி ஆனாள். 1986ல கோவை வேளாண் பல்கலைக்கழகம் அதுலயே தேர்வு செஞ்சு 'மேம்படுத்தப்பட்ட வெள்ளைப் பொன்னி'யைக் கொடுத்துச்சு.

இதைவிட கூத்து, மலேசிய நிறுவனம் ஒண்ணு 'பொன்னி'ங்கிற பேரைத் தன்னோட வணிகக்குறியா அங்க பதிவு பண்ணிக்க, நம்ம அபேடா அந்த நாட்டு நீதிமன்றத்துக்கே போக வேண்டியதாச்சு. அவங்க ஊர்ப் பொண்ணுக்கு நாம வச்ச பேரு, அந்தப் பேருக்கு அவங்க ஊர்லயே வழக்கு!

அப்ப களம்பூர் பொன்னி போலியா? இல்லவே இல்ல. விதை எங்கேயிருந்தோ வந்துச்சு, பேர் ஒரு ஆத்துக்கிட்ட கடன் வாங்கினது. ஆனா நட்டு, அறுத்து, அவிச்சு, காயவச்சு, அரைச்சு அந்தப் பேருக்கு மரியாதை சம்பாதிச்சது அந்த மண்ணோட ஜனங்க. ரங்கராஜன் தன் மனைவி பேர்ல 'சுஜாதா'ன்னு எழுதினார். யாரையும் ஏமாத்தல, எழுத்து அவரோடது. அது புனைபெயர். வேற எவனோ ஒருத்தன் எழுதி, கீழ சுஜாதான்னு போட்டிருந்தா அது போலிப்பெயர். பேர் எங்கிருந்து வந்துச்சுங்கிறது கேள்வி இல்லீங்க, பேருக்குப் பின்னாடி உழைச்சது யாருங்கிறதுதான் கேள்வி.

இந்த அளவுகோலை எடுத்துக்கிட்டு பட்டுக்கு வாங்க. அங்கதான் விளையாட்டு முடிஞ்சு வயித்துப்பாடு ஆரம்பிக்குது. ஆரணியில நெய்த சேலையை 'காஞ்சிபுரம்'னு சொல்லி வித்தா என்ன ஆகும்? வாங்கினவங்களுக்கு ஏமாத்தம். காஞ்சி நெசவாளியோட பேர் திருட்டு. மூணாவதா ஒரு நஷ்டம் இருக்கு, அதை யாரும் கணக்குல எடுக்கறதில்ல. ஆரணிக்காரர் தறிக்குழியில உக்காந்து நாள் கணக்கா நெய்தது நல்லா இருந்தா புகழ் காஞ்சிக்குப் போயிடும். தன் சேலை வித்தும் தன் ஊர் பேர் வளராது. பேர் வளராத ஊருக்குக் கூலி மட்டும் எப்படி வளரும்?

காஞ்சிப் பட்டு 2005லயே புவிசார் குறியீடு வாங்கிடுச்சு. ஆரணிப் பட்டுக்கும் தனியா குறியீடு இருக்கு. ஆனா கடையில நம்ம கண்ணு தேடுறது 'சில்க் மார்க்' மட்டும்தான். அது இது சுத்தமான பட்டுன்னு சொல்லும். எந்த ஊர்த் தறின்னு சொல்லாது.

அதனால என் கட்சி இதுதான். ஊர்ப் பேருக்கு வேர் எதுன்னு விடிய விடிய அடிச்சுக்குவோம், தப்பே இல்ல, நானும் வர்றேன். ஆனா அடுத்த முகூர்த்தத்துக்குச் சேலை எடுக்கப் போறப்ப, 'இது எந்த ஊர்ல நெய்ததுங்க?'ன்னு ஒரு கேள்வி கேளுங்க. பதிலை பில்லுலயே எழுதித் தரச் சொல்லுங்க. 'ஆரணி'ன்னு எழுதிக் கொடுத்தா முகத்தைச் சுளிக்காம வாங்குங்க. காஞ்சின்னாதான் கௌரவம்னு நாம பிடிவாதமா இருக்கிற வரைக்கும், ஆரணிச் சேலை அடுத்த ஊர் பேரைப் போட்டுக்கிட்டுத்தான் கல்யாணத்துக்கு வரும்.