முகிலின் திறப்பு யார் கையில்?

கீரிமலைக் கேணியில் நீராடுவோர் அந்நீர் வந்த வழியை வினவுவதில்லை. குடாநாட்டின் சுண்ணக்கற் படையினூடே, கண்ணுக்குப் புலப்படாத வெடிப்புகளின் வழியே ஊறிவந்த மழைநீர், கடலோரத்தில் நன்னீராய் வெளிப்படுகின்றது. காணாத வழியால் வருவதைக் கேள்வியின்றி ஏற்றல் நீராடுவார்க்குப் பொருந்தும்; பொதுமக்களின் பதிவேடுகளைக் காப்பார்க்குப் பொருந்தாது. ஆயினும் முகிற் கணிமை பற்றி நம்மவர் கொண்டுள்ள மனநிலை இத்தகையதே. 'தரவெல்லாம் முகிலில் உள்ளது. இனி அச்சமில்லை' என்பர். முகில் என்பது உருவகம். அப்பெயரின் பின்னே இருப்பவை பிறிதோரிடத்துக் கட்டடமும், அங்குள்ள கணினிகளும், அவற்றினுட் புகத்தக்கார் இன்னார் எனக் கூறும் பயனர் கணக்குகளின் பட்டியலுமாம். அப்பட்டியலை ஒருவரின் நினைவுக்கும் தயவுக்கும் விட்டுவைத்தல் ஆகாது. எழுத்திற் பொறித்துத் தன்னியக்கக் கருவியால் ஆளுதல் வேண்டும் என்பதே எமது துணிபு.

இதனைப் பொறியியலாளரின் சில்லறை அலுவலெனத் தள்ளுதல் தவறு. 1990 இல் கீரிமலையும் அதனைச் சூழ்ந்த வலிகாமம் வடக்கும் தம் மக்களை இழந்தன. 2009 இல் போர் முடிந்த பின்னரே அவர்தம் காணிகள் பல கட்டங்கட்டமாக விடுவிக்கப்பட்டன. வேலி அழிந்து, எல்லைக்கல் மறைந்த நிலத்திற்கு உரிமை காட்ட எஞ்சியவை உறுதியும் கந்தோரிலுள்ள அதன் பதிவுமே. உறுதியைத் தொலைத்தவருக்குப் பதிவொன்றே துணை. இத்தகைய பதிவுகள் தரவுத்தளங்களுக்கு ஏறுங் காலம் இது. ஏறியபின், அதில் ஒரு வரியை மாற்றும் உரிமை யாருக்குண்டு? என்றோ மாற்றலாகிச் சென்றவரின் கணக்கு இன்னுந் திறந்துள்ளதா? நால்வர் ஒரு கடவுச்சொல்லைப் பகிர்ந்திருப்பின், மாற்றியவர் எவரென நீதிமன்றில் எங்ஙனம் நிறுவுவது?

இவ்வச்சம் கற்பனையன்று. 2024 இல் சினோஃபிளேக் என்னும் முகில் தரவுத்தளச் சேவையின் வாடிக்கை நிறுவனங்கள் பல சூறையாடப்பட்டன. ஏறத்தாழ 165 நிறுவனங்களின் தரவு ஆபத்துக்குள்ளாகியிருக்கலாம் என எச்சரிக்கப்பட்டது. கள்வர் மதிலைத் தகர்த்தாரல்லர். களவாடிய கடவுச்சொற்களுடன் வாயிலாலேயே நுழைந்தனர். அவற்றுட் சில 2020 இலேயே களவுபோனவை. மாற்றப்படாமையால் நான்காண்டின் பின்னும் செல்லுபடியாயின. இரண்டாம் அடையாளச் சோதனையும் அக்கணக்குகளில் இருந்ததில்லை.

நம் நாட்டிலோ, 2023 இல் இலங்கை அரச முகில் தாக்கப்பட்டபோது, மே 17 முதல் ஓகஸ்ட் 26 வரையான அரச மின்னஞ்சல்கள் அழிந்தன. ஏறத்தாழ 5000 முகவரிகள் பாதிப்புற்றன. ஆங்கு வெளிப்பட்ட குறைகள் வேறு: மென்பொருள் காலங்கடந்தது, அக்காலப்பகுதிக்குரிய பிரதி தனியே வைக்கப்படவில்லை. எனினும் பாடம் ஒன்றே. எவரோ செய்வர் என விடப்பட்ட கடமையை எவருஞ் செய்வதில்லை.

தன்னியக்கம் இக்குறையை எங்ஙனம் தீர்க்கும்? டெராஃபோம், அன்சிபிள் போன்ற கருவிகளைக் கொள்வோர், யார் யாருக்கு எவ்வெவ் வாசிப்புரிமை, எழுத்துரிமை, அழிப்புரிமை என்பதை ஒரு கோப்பில் எழுதுவர். அதனை இரண்டாமவர் ஒருவர் வாசித்து ஒப்புதல் தருவர். அதன்பின் கருவி, எழுத்துக்கும் தரவுத்தளத்திற்குமுள்ள வேறுபாட்டைக் காட்டி நிரவும். டெராஃபோமிற் பெயரை நீக்கினால் கணக்கும் நீங்கும். யார், எப்போது, எவரின் ஒப்புதலுடன் மாற்றினார் என்பதும் பதிவாகும். கோப்புக்குப் புறம்பே இரவோடிரவாகக் கையால் ஆக்கிய கணக்குகளைக் கண்டுபிடிக்க, வாரந்தோறும் ஒப்புநோக்கும் நிரலொன்றும் உடன் வேண்டும்.

'நாம் ஒருவரையொருவர் நம்புகிறோம், பட்டியல் எதற்கு?' என்பார் உளர். கோயிற் கணக்கையே சபையில் வாசித்து ஒப்புவிக்கும் சமூகம் நாம். அதனால் நம்பிக்கை குறைந்ததென எவருஞ் சொல்வதில்லை. 'கருவி தொழிலைப் பறிக்கும்' என்பாருமுளர். கணக்குத் திறக்குந் தொழிலைக் கருவி கொள்ளட்டும். எவருக்குத் திறக்கலாம் என்று தீர்ப்பது என்றும் மனிதர் தொழிலே.

மூன்றாவது மறுப்பே வலியது: கருவியின் கையில் எல்லாத் திறப்புகளும் சேருமாயின், அதனைக் கைப்பற்றியவன் அனைத்தையுங் கைப்பற்றுவான். இஃது உண்மை. 2016 இல் ஊபர் நிறுவனத்தின் நிரற் களஞ்சியத்தில் எழுதிவைக்கப்பட்டிருந்த திறப்பொன்றைக் கண்டெடுத்தோர், 5 கோடியே 70 இலட்சம் பேரின் விவரங்களை அள்ளிச் சென்றனர். ஆயின் இவ்வுண்மை கருவியை விலக்குதற்குக் காரணமாகாது. திறப்பை எழுதிவைக்கும் வழக்கத்தை விலக்குதற்கே காரணமாகும். அமேசானின் தரவுத்தளச் சேவையில் 15 நிமிடம் மட்டுஞ் செல்லும் நுழைவுச்சீட்டைப் பெறும் வழி உண்டு. காலாவதியாகுஞ் சீட்டைக் களவெடுத்தவன் நான்காண்டு காத்திருந்து பயன்கொள்ள இயலாது.

2022 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம் நம் நாட்டில் இயற்றப்பட்டுளது. சட்டம் ஏட்டிலிருக்க, கடவுச்சொல் மேசையிற் கடதாசியாய் ஒட்டப்பட்டிருப்பின் யாது பயன்? ஆண்டுதோறும் ஒரு தொகுதியினர் வெளியேறும் பல்கலைக்கழகங்களிலேயே சீர்திருத்தம் தொடங்குக. வெளியேறிய மாணவர், ஓய்வுபெற்ற அலுவலர், முடிவுற்ற ஆய்வுத் திட்டங்கள் ஆகியோர்க்கும் ஆகியவற்றுக்கும் உரிய கணக்குகள் எத்தனை திறந்துள எனத் துறைதோறும் வினவுவோம். விடை தெரியாதெனின், பிறர் காணிப் பதிவைக் காக்குந் தகுதி நமக்கு இன்னும் வாய்க்கவில்லை என்பதே பொருள்.