மைல் சேக்கறது யாருக்கு லாபம்? – பனியன் ஊர்க்காரங்களுக்கு ஒரு கணக்கு

நம்மூர்ல எக்ஸ்போர்ட் பண்ற முதலாளி யாரோட டேபிள் டிராயரையாவது திறந்து பாருங்க. பழைய லேப் டிப், நாலு ஸ்வாட்ச் கார்டு, அதுக்குக் கீழே ரப்பர் பேண்ட் போட்ட ஒரு கட்டு விமான கம்பெனி அட்டை. ஒவ்வொரு அட்டையிலயும் ரெண்டாயிரம், மூவாயிரம் மைல். ஒண்ணுலயாவது ஒரு டிக்கெட் எடுக்கற அளவுக்கு இருக்கான்னா, இருக்காது. இப்ப அட்டை போய் ஆப் வந்தாச்சு. கதை மட்டும் மாறல :-)

என் கட்சி இதுதாங்க: ஒரு ஆளுக்கு ஒரு திட்டம் போதும், மிஞ்சிப்போனா ரெண்டு. எந்தத் திட்டம்ங்கறதை விளம்பரத்தைப் பாத்து முடிவு பண்ணக்கூடாது. நீங்க எங்க ஏறுறீங்க, எங்க இறங்குறீங்க, வருஷத்துக்கு எத்தனை தடவை, பெட்டியில என்ன எடுத்துட்டுப் போறீங்க, இந்த நாலையும் பாத்துத்தான் முடிவு பண்ணணும்.

மொதல்ல அடிப்படை. 1981 மே மாசம் அமெரிக்கன் ஏர்லைன்ஸ் ஆரம்பிச்சு வச்ச விளையாட்டு இது. அப்ப எவ்வளவு தூரம் பறந்தீங்களோ அவ்வளவு மைல். 2015ல டெல்டாவும் யுனைடெட்டும் கணக்கை மாத்தினாங்க, 2016ல அமெரிக்கனும் மாத்துச்சு. தூரத்துக்கு இல்ல, டிக்கெட்டுக்குக் குடுத்த காசுக்குத்தான் மைல்னு ஆயிடுச்சு. நம்ம ஏர் இந்தியாவும் 2024ல இதே வழிக்கு வந்துடுச்சு. நம்மூர் பாஷையில சொன்னா, ஷிப்ட் கணக்கு போய் பீஸ் ரேட் வந்த மாதிரி. எத்தனை மணி நேரம் சீட்ல உக்காந்திருந்தீங்கங்கறது முக்கியமில்ல. எமிரேட்ஸ், சிங்கப்பூர் ஏர்லைன்ஸ்ல இன்னும் தூரத்துக்கு மதிப்பு உண்டு, ஆனா மலிவு டிக்கெட்னா மைல் குறையும். டிராவல்ஸ்காரர்கிட்ட "எத்தனை ரூபாய்?"னு மட்டும் கேக்காம "என்ன கிளாஸ் டிக்கெட்?"னும் கேளுங்க.

இப்ப எந்த ஏர்போர்ட்டுங்கற விஷயம். நமக்குப் பக்கம் பீளமேடு. அங்கிருந்து வெளிநாட்டுக்கு நேராப் போற விமானத்தை விரல் விட்டு எண்ணிடலாம். சிங்கப்பூருக்கு ஸ்கூட், ஷார்ஜாவுக்கு ஏர் அரேபியா, 2024ல இருந்து அபுதாபிக்கு இண்டிகோ. எமிரேட்ஸ், கத்தார் வேணும்னா கொச்சி நெடும்பாசேரிக்குக் கார்ல போகணும். லுஃப்தான்சா வேணும்னா பெங்களூரோ சென்னையோதான். ஆக, உலகத்துலயே பெரிய திட்டம் எதுங்கறது நமக்கு வேண்டாத கேள்வி. நம்ம வாசல்ல எது நிக்குதுன்னு பாருங்க.

அடுத்து, எந்த மாதிரி ஆளு நீங்க?

குர்கான், மும்பைன்னு பையிங் ஹவுஸ் சுத்தற ஆளா? உங்களுக்கு இண்டிகோவோட புளூசிப், இல்லேன்னா ஏர் இந்தியாவோட மகாராஜா கிளப். இண்டிகோ ரொம்ப வருஷமா இந்த விளையாட்டுக்கே வராம இருந்து, 2024லதான் புளூசிப்பைக் கொண்டு வந்தாங்க. சென்னைக்கு மட்டும் போற ஆளுன்னா இந்தப் பதிவே உங்களுக்கு இல்ல. 2023 ஏப்ரல்ல இருந்து வந்தே பாரத் திருப்பூர்லயே நிக்குது, ஏறி உக்காருங்க.

வருஷத்துக்கு ரெண்டு மூணு தடவை ஜெர்மனி, இங்கிலாந்துன்னு பையரைப் பாக்கப் போற ஆளா? இங்கதான் கூட்டணிக் கணக்கு வருது. ஏர் இந்தியா, சிங்கப்பூர் ஏர்லைன்ஸ், லுஃப்தான்சா மூணும் ஸ்டார் அலையன்ஸ்ல இருக்காங்க. டெல்லிக்கு ஒண்ணு, பிராங்பர்ட்டுக்கு ஒண்ணுன்னு மாறி மாறிப் பறந்தாலும் ஒரே கணக்குல சேக்கலாம். எமிரேட்ஸும் எதிஹாடும் இந்த மாதிரி எந்தக் கூட்டணியிலயும் இல்ல. அவங்ககிட்ட சேத்தா பெரும்பாலும் அவங்ககிட்டதான் செலவு பண்ணணும். கொச்சி வழியா துபாய்தான் உங்க பாதைன்னா அது தப்பே இல்ல. ஆனா ஒரு தடவை எமிரேட்ஸ், ஒரு தடவை கத்தார், ஒரு தடவை லுஃப்தான்சான்னு மலிவு பாத்து மாறுறவங்க மைலை மறந்துடறது நல்லது. டிக்கெட்ல மிச்சம் புடிச்ச காசே உங்க மைல்.

மெஷின் பாக்க மட்டும் போற ஆளா? இது சுவாரசியமான கேஸு. ஐடிஎம்ஏ கண்காட்சி நாலு வருஷத்துக்கு ஒரு தடவை. 2023ல மிலன், அடுத்தது 2027ல ஹனோவர். எமிரேட்ஸ் மைலுக்கும் சிங்கப்பூர் மைலுக்கும் ஆயுசு ஏறக்குறைய மூணு வருஷம். மிலன் போய் சேத்த மைல் ஹனோவர் போறதுக்குள்ள காலாவதி ஆயிடும்! கத்தாரோட ஏவியோஸ் கொஞ்சம் தேவலை. கடைசியா கணக்குல வரவு செலவு நடந்த நாள்ல இருந்து 36 மாசம். நடுவுல சின்னதா ஏதாவது சேத்தாலும் எல்லாத்துக்கும் உயிர் வந்துடும்.

சிங்கப்பூர், ஹாங்காங், சீனான்னு ஆக்சசரீஸ் வாங்கப் போறவங்களுக்கு கிரிஸ்ஃபிளையர்தான். கோவையில ஏறற ஸ்கூட்டுக்கும் அதே கணக்குல மைல் சேரும். நம்ம வாசல்ல நிக்கறதுன்னு சொன்னேனே, அது இதுதான்.

இனி யாரும் சொல்லாத விஷயம் ஒண்ணு. நம்ம ஆளுங்களுக்கு ஓசி டிக்கெட்டை விட பெரிய லாபம் பெட்டி எடை. சாம்பிள் பேக் ரெண்டு, அதுக்கு மேல சொந்தத் துணி, அதுக்கு மேல வீட்டுல கட்டிக் குடுத்த முறுக்கு. எமிரேட்ஸ்ல சில்வர் ஆனா, எடைக்கணக்கு உள்ள ரூட்டுல 12 கிலோ கூட எடுத்துட்டுப் போகலாம். கோல்டுன்னா 16 கிலோ. ஸ்டார் அலையன்ஸ் கோல்டுன்னா 20 கிலோ, இல்லேன்னா ஒரு பெட்டி கூட. கவுண்டர்ல நின்னு பெட்டியைப் பிரிச்சு ஜட்டி பனியனை எடுத்து வெளிய வைக்கற கொடுமை இல்ல பாருங்க :-) அதனால மைல் எத்தனைன்னு பாக்கறதோட, எத்தனை பயணத்துல அந்தப் படி ஏறுவோம்னும் பாருங்க. எமிரேட்ஸ் சில்வருக்கு ஒரு வருஷத்துல 25,000 டியர் மைல் வேணும். வருஷம் ஒரே ஒரு மலிவு டிக்கெட் பயணம்னா அது கனவு. அதுக்கு ஆசைப்பட்டுக் கூட காசு குடுத்து டிக்கெட் எடுக்காதீங்க.

அப்புறம், இந்தப் பதிவு எழுத முக்கியக் காரணம். மைல் யாருக்குச் சொந்தம்?

டிக்கெட் காசு கம்பெனியோடது. ஆனா ராத்திரி ரெண்டு மணிக்குக் கொச்சி போய், இடுப்பொடிய உக்காந்து, இறங்கின அன்னைக்கே பையர் முன்னாடி நின்னு "ஷிப்மென்ட் ஏன் லேட்டு?"ங்கற கேள்விக்குப் பதில் சொல்றது மெர்ச்சண்டைசர். விமான கம்பெனியும் மைலைப் பறக்கற ஆளு பேர்லதான் வரவு வைக்குது. ஆனா சில இடத்துல நடக்கறது என்னன்னா, டிக்கெட் போடறப்ப அந்தப் பையன் நம்பரைக் குடுக்கவே மாட்டாங்க. "ஆபீஸ் காசு, உனக்கெதுக்கு மைல்?"னு ஒரு நினைப்பு. அதனால கம்பெனிக்கும் கிடைக்காது, அவனுக்கும் கிடைக்காது. விமான கம்பெனிக்குத்தான் மிச்சம்.

முதலாளிமாருங்களே, சின்ன கம்பெனிகளுக்குன்னே தனித் திட்டம் இருக்குங்க. எமிரேட்ஸ்ல பிசினஸ் ரிவார்ட்ஸ், சிங்கப்பூர் ஏர்லைன்ஸ்ல ஹைஃபிளையர். கம்பெனி கணக்குலயும் புள்ளி ஏறும், பறந்தவன் கணக்குலயும் மைல் ஏறும். ஒருத்தர் பங்கை இன்னொருத்தர் புடுங்க வேண்டிய அவசியமே இல்ல. உங்க மெர்ச்சண்டைசர் அந்த மைலை வச்சு அவங்க அம்மாவை ஒரு தடவை விமானத்துல கூட்டிட்டுப் போகட்டுமே. உங்களுக்கு ஒரு பைசா நஷ்டமில்ல, அவன் உங்ககிட்ட இன்னும் ரெண்டு வருஷம் கூட இருப்பான்.

கடைசியா ஒரு எச்சரிக்கை. மைல்ங்கறது ரொக்கம் இல்ல. அடுத்தவன் எழுதிக் குடுத்த கிரெடிட் நோட்டு. அதோட மதிப்பை எப்ப வேணா மாத்தற உரிமை எழுதினவன்கிட்டயே இருக்கு. கிங்ஃபிஷர் 2012 பிப்ரவரியில ஒன்வேர்ல்ட் கூட்டணியில சேர இருந்துச்சு. அது தள்ளிப்போச்சு, அதே வருஷம் அக்டோபர்ல பறக்கறதே நின்னுபோச்சு. கிங் கிளப் மைலைச் சேத்து வச்சவங்க கையில அட்டை மட்டும் மிஞ்சுச்சு. 2019 ஏப்ரல் 17ல ஜெட் ஏர்வேஸ் நின்னுது. அதோட ஜெட்பிரிவிலேஜ் தனிக் கம்பெனியா இருந்ததால இண்டர்மைல்ஸ்னு பேர் மாத்திப் பிழைச்சுது, ஆனா ஜெட் விமானம் இல்லாத ஜெட் மைல்தானே அது! 2024 நவம்பர்ல விஸ்தாரா ஏர் இந்தியாவோட சேந்தப்ப புள்ளிக்குப் புள்ளி மாத்திக் குடுத்தாங்க. அந்த மாதிரி எல்லா தடவையும் நடக்கும்னு சொல்ல முடியாது. பையர் பேமெண்ட்டை நாலு வருஷம் கழிச்சு வாங்கிக்கறேன்னு யாராவது சொல்வோமா? மைலும் அப்படித்தான். ஒரு டிக்கெட் அளவுக்குச் சேந்ததும் செலவு பண்ணிடுங்க. ஓசி டிக்கெட்டுக்கும் வரி, சர்சார்ஜ்னு கையில இருந்து குடுக்கணும், அதையும் கணக்குல வச்சுக்கோங்க.

வருஷம் ஒரு தடவை இந்தக் கணக்கைத் திருப்பிப் போடுங்க. 2025 ஜூலையில இங்கிலாந்தோட ஒப்பந்தம் கையெழுத்தாச்சு, அடுத்த மாசமே அமெரிக்கா நம்ம சரக்குக்கு 50 சதவீதம் வரி போட்டுச்சு. ஆர்டர் எந்தத் திசைக்குப் போகுதோ நாமளும் அந்தத் திசைக்குத்தான் பறக்கணும். நியூயார்க்குக்குப் பொருந்தின திட்டம் லண்டனுக்குப் பொருந்தணும்னு இல்லீங்களே.

டிஸ்கி: லேட்டாகிப்போன சரக்கை நம்ம செலவுல ஏர்ல அனுப்பறோமே, அந்த அட்டைப்பெட்டி பறக்கற தூரத்துக்கு எல்லாம் மைல் குடுத்தா திருப்பூரே பிளாட்டினம் ஆயிடும். அதுக்கு யாராவது ஒரு திட்டம் கண்டுபுடிச்சா பின்னூட்டத்துல சொல்லுங்க மக்களே!