படிக்கட்டுக் கதவைத் திற!

ஆண்டுதோறும் ஏப்ரல் 14-ந் தேதி தீயணைப்பு வாரம் தொடங்குகிறது. ஏன் அந்தத் தேதி என்பது பலருக்கு மறந்துவிட்டது. 1944-ல் அதே தேதியில், பஞ்சுப் பொதிகளையும் சுமார் 1,400 டன் வெடிப்பொருளையும் ஒரே கப்பலில் ஏற்றிவந்து பம்பாய்த் துறைமுகத்தின் நடுவே நிறுத்தி வைத்திருந்தது அன்றைய வெள்ளைக்கார நிர்வாகம். பஞ்சில் தீப் பிடித்தது, கப்பல் வெடித்தது. தீயை அணைக்கப் போன வீரர்களில் 66 பேர் மாண்டார்கள். அவர்களுடைய தியாகத்தை நினைவுகூரும் வாரம் இது.

நமது தென் சென்னைப் புறநகரில் இந்த வாரம் எப்படி நடக்கிறது? பல காரியாலயங்களில் காலை பதினோரு மணிக்கு மணி அடிக்கிறார்கள். கழுத்தில் அட்டை மாட்டிய சிப்பந்திகள் வரிசையாக இறங்கி வருகிறார்கள். ஓர் அதிகாரி சிவப்பு உருளையைத் தூக்கி, தகரத் தட்டில் எரியும் தீயை அணைத்துக் காட்டுகிறார். போட்டோ. டீ, பிஸ்கட். பன்னிரண்டு மணிக்கு எல்லோரும் மறுபடி மேலே. அன்று ஒருநாள் திறந்திருந்த படிக்கட்டுக் கதவு மாலையில் பூட்டப்படுகிறது. அந்தப் பூட்டைப் பற்றித்தான் இந்த வாரம் எழுதுகிறோம்.

மீனம்பாக்கம் தாண்டி ஜி.எஸ்.டி. ரோட்டில் வந்தால் பல்லாவரம், குரோம்பேட்டை, சானடோரியம், தாம்பரம், பெருங்களத்தூர். கிழக்கே பழைய மகாபலிபுரம் ரோட்டில் பெருங்குடி முதல் சிறுசேரி வரை. எங்கு பார்த்தாலும் கண்ணாடி போர்த்திய மாடிகள். ஒரு தலைமுறைக்கு முன் இங்கே ஏரியும் வயலும் கல்குவாரியும் இருந்தன. 1984-ல் சானடோரியத்தில் ஏற்றுமதி மண்டலம் வந்தது. 2021 நவம்பரில் ஐந்து நகராட்சிகளையும் ஐந்து பேரூராட்சிகளையும் சேர்த்துத் தாம்பரம் மாநகராட்சி ஆயிற்று. இந்த வளர்ச்சியை நாம் எதிர்க்கவில்லை. நம்முடைய பிள்ளைகள்தான் அங்கே இரவும் பகலும் கம்ப்யூட்டர் முன் உட்கார்ந்திருக்கிறார்கள். நம்முடைய பெண்கள்தான் விடியற்காலையில் போய் அந்தத் தளங்களைக் கூட்டித் துடைக்கிறார்கள். காவலாளி, கான்டீன் சிப்பந்தி, ஏ.சி. மெக்கானிக் என்று கான்டிராக்டில் உழைக்கும் கூட்டம் ஒன்று ஒவ்வொரு கட்டடத்திலும் இருக்கிறது. தீ வந்தால் இவர்கள் எப்படி இறங்குவார்கள் என்பதே கேள்வி.

உயர்ந்த கட்டடத்துக்குத் தீப் பாதுகாப்பு என்றால் சிவப்புக் குழாயும் சிவப்பு உருளையும்தான் என்று பலர் நினைக்கிறார்கள். அப்படியல்ல. மாடிக் கட்டடத்தில் முதலில் ஆளைக் கொல்வது நெருப்பு அல்ல, புகை. மின்சாரக் கம்பிகள் அடித்தளத்திலிருந்து உச்சி வரை ஒரு செங்குத்துப் பொந்தின் வழியாகப் போகின்றன. அந்தப் பொந்தை ஒவ்வொரு மாடியிலும் தீத் தாங்கும் பொருளால் அடைக்காவிட்டால் அது அசல் புகைபோக்கிதான். கீழே கம்பி கருகினால் சில நிமிஷங்களில் மேல்மாடியில் மூச்சு முட்டும். கண்ணாடிச் சுவருக்கும் தளத்துக்கும் நடுவே விடுகிற இடுக்கும் அப்படியே. கண்ணாடி திறக்க முடியாததாகவும் இருந்துவிட்டால், உள்ளே வந்த புகை வெளியே போகவும் வழியில்லை.

ஆகவே பொறுப்புள்ள பொறியாளர் முதலில் தண்ணீரைப் பற்றி யோசிப்பதில்லை. படிக்கட்டைப் பற்றி யோசிக்கிறார். ஒன்றுக்கொன்று சம்பந்தமில்லாத இரண்டு படிக்கட்டுகள் வேண்டும். ஒன்றில் புகை ஏறினால் மற்றொன்று இருக்கும். ஒவ்வொன்றும் தனிச் சுவருக்குள், தீத் தாங்கும் கதவுக்குப் பின்னால் இருக்க வேண்டும். மின்விசிறியால் படிக்கட்டுக்குள் காற்றை அழுத்தி நிரப்பினால் புகை உள்ளே நுழையாது. காரியாலயத்தில் எந்த மேஜையிலிருந்தும் 30 மீட்டர் நடப்பதற்குள் வெளியேறும் வழி வந்துவிட வேண்டும். 24 மீட்டருக்கு மேல் உயர்ந்தால், மூச்சு வாங்கி நிற்கப் புகலிடத் தளம் வேண்டும். தீயணைப்பு வீரர்களுக்கென்று உள்ள லிப்ட் 60 வினாடிக்குள் உச்சியை எட்ட வேண்டும்.

தண்ணீர் அதன் பிறகு. கூரையில் தொங்கும் சிறிய தெளிப்பான்களைப் பார்த்திருப்பீர்கள். அதில் ஒரு சின்னக் கண்ணாடிக் குமிழ் இருக்கிறது, உள்ளே திரவம். சாதாரணமாகக் காணப்படும் சிவப்புக் குமிழ் 68 டிகிரி சூட்டில் உடைந்து தண்ணீரைத் திறந்துவிடும். சினிமாவில் காட்டுவதுபோல் எல்லாம் ஒரே சமயத்தில் கொட்டுவதில்லை. நெருப்புக்கு நேர் மேலே சூடேறியது மட்டும் திறக்கும். பெரும்பாலும் அதுவே தீயை அந்த இடத்திலேயே அடக்கிவிடும். இதற்கு அடித்தளத்திலும் மொட்டை மாடியிலும் எப்போதும் நிரம்பியிருக்கும் தொட்டிகள் வேண்டும். மின்சார பம்போடு டீசல் பம்பும் வேண்டும். ஏனெனில் தீப் பிடித்தவுடன் முதலில் போவது கரண்டுதான்.

இதில் மர்மம் ஒன்றுமில்லை. தேசியக் கட்டட விதித் தொகுப்பு 1970-ல் முதலில் வெளிவந்தது. கடைசியாக 2016-ல் முழுதும் திருத்தி வெளியிடப்பட்டது. எல்லாம் அதில் இருக்கிறது. வெளியேறும் கதவு, வெளியேறுகிறவருடைய பக்கத்திலிருந்து சாவி இல்லாமலே திறக்க வேண்டும் என்ற விதியும் அதில் இருக்கிறது. அந்த ஒரே விதி மீறப்பட்டால் மேலே சொன்ன அத்தனையும் வீண். இரண்டு படிக்கட்டு கட்டி இரண்டையும் பூட்டினால் கட்டடத்துக்குப் படிக்கட்டே இல்லை என்றுதான் அர்த்தம்.

ஏன் பூட்டுகிறார்கள்? சாமான் திருட்டுப் போகுமாம். சிப்பந்திகள் படியில் நின்று சிகரெட் பிடிப்பார்களாம். வருகை நேரமும் போகும் நேரமும் ஒரே வாசலில் பதிவாக வேண்டுமாம். சமீபத்தில் ஒரு கட்டடத்தின் வாசலில் துப்புரவுப் பெண்களுடன் பேசிக்கொண்டிருந்தபோது ஓர் அம்மாள் சொன்னார்: ஆறாவது மாடிப் படிக்கட்டின் சாவி சூப்பர்வைசர் இடுப்பில் இருக்கிறது, சூப்பர்வைசர் ஒன்பது மணிக்குத்தான் வருகிறார், தாங்கள் ஐந்து மணிக்கே வந்துவிடுகிறோம். அந்த நாலு மணி நேரம்? அந்த அம்மாள் சிரித்தார். கட்டடத்தின் பெயரை நாம் போடவில்லை. போட்டால் அவருக்கு வேலை போய்விடும்.

இப்போது சாவிக்குப் பதில் மின்சாரப் பூட்டு வந்திருக்கிறது. அட்டையைக் காட்டினால் திறக்கும். தீ மணி அடித்த மாத்திரத்தில் இந்தப் பூட்டு தானாகவே விட்டுவிட வேண்டும். விடுகிறதா என்று கடைசியாகச் சோதித்தவர் யார், எந்தத் தேதியில் என்று கேட்டுப் பாருங்கள்.

இந்தப் பூட்டுக்கு நீண்ட சரித்திரம் உண்டு. 1911 மார்ச் 25-ல் நியூயார்க் நகரில், பத்து மாடிக் கட்டடம் ஒன்றின் மேல் மூன்று தளங்களில் இயங்கிய டிரையாங்கிள் சட்டைக் கம்பெனி எரிந்தது. திருட்டுப் பயத்தால் ஒன்பதாவது மாடிக் கதவைப் பூட்டி வைத்திருந்தார்கள். தீயணைப்பு ஏணி ஆறாவது மாடி வரைதான் எட்டியது. 146 பேர் மாண்டனர். பெரும்பாலோர் பிழைக்க வந்த இளம் பெண்கள். முதலாளிகள் இருவரும் கோர்ட்டில் விடுதலையானார்கள். ஆனால் தொழிலாளிகள் சும்மா இருக்கவில்லை. அவர்களுடைய கிளர்ச்சியால் நியூயார்க்கில் புதிய பாதுகாப்புச் சட்டங்கள் வந்தன.

நூறு ஆண்டு சென்றும் பாடம் நம் நாட்டை எட்டவில்லை. 2010 பிப்ரவரி 23-ல் பெங்களூரில் கார்ல்டன் டவர்ஸ் என்ற காரியாலயக் கட்டடத்தில் மின்கம்பிப் பொந்தில் பிடித்த தீயின் புகை மாடிகளை நிறைத்தது. தப்பும் வழிகள் பூட்டியும் அடைத்தும் கிடந்தன. ஜன்னல் கண்ணாடியை உடைத்துக் குதித்தார்கள். 9 பேர் இறந்தனர். சரியாக ஒரு மாதம் கழித்து, மார்ச் 23-ல், கல்கத்தா பார்க் தெருவில் ஸ்டீபன் கோர்ட் எரிந்தது. மேலே இரண்டு மாடிகள் விதிக்குப் புறம்பாகக் கட்டப்பட்டவை. 43 உயிர்கள் போயின. அப்போது மேற்கு வங்கத்தில் இடதுசாரி ஆட்சிதான் நடந்தது. அதைச் சொல்ல நாம் தயங்கவில்லை. விதி காகிதத்தில் தூங்கினால், யார் ஆட்சியானாலும் தீ தூங்காது.

சென்னைக்கு வருவோம். மவுண்ட் ரோடு எல்.ஐ.சி. கட்டடம் 1959-ல் திறக்கப்பட்டது. அக்காலத்தில் ஊர் ஊராக வண்டி கட்டிக்கொண்டு வந்து அண்ணாந்து பார்த்தார்கள். 1975 ஜூலை 11-ந் தேதி அது எரிந்தது. பொதுத்துறைக்குச் சொந்தமான கட்டடம்தான். நெருப்பு சொந்தக்காரர் யாரென்று கேட்பதில்லை. 2008-ல் தியாகராய நகர் ரங்கநாதன் தெருவில் பலமாடிக் கடை ஒன்றில் தீப் பிடித்து ஊழியர் இருவர் மாண்டனர். 2012 ஜனவரியில் எழிலக வளாகத்தின் கலசமகாலில் சர்க்கார் காரியாலயங்கள் எரிந்தபோது, அணைக்கப் போன வீரர் ஒருவர் உயிர் நீத்தார். பெண் அதிகாரி ஒருவர் படுகாயமடைந்தார். 2017 மே 31-ல் தியாகராய நகரில் ஏழு மாடித் துணிக்கடை ஒன்று எரிந்து, சுவர்கள் சரிந்து, கடைசியில் இடித்துத் தள்ளப்பட்டது.

இத்தனைக்கும் நடுவே சர்க்கார் செய்தது என்ன? 1998-ல் நகரமைப்புச் சட்டத்தில் 113-ஏ என்று ஒரு பிரிவைச் சேர்த்தார்கள்: 1999 பிப்ரவரி 28-க்குள் விதி மீறிக் கட்டியவர்கள் பணம் கட்டினால் மன்னிப்பு. பிறகு அந்தக் கெடு நீட்டிக்கப்பட்டது. நீட்டிப்பை ஹைகோர்ட் தடுத்தது. 2012-ல் 113-சி வந்தது: 2007 ஜூலை 1-க்கு முன் கட்டியவற்றுக்கு வாய்ப்பு. அன்றிருந்த கழகமும் இன்றிருக்கும் கழகமும் இந்த விஷயத்தில் ஒரே கட்சிதான். கட்டாத படிக்கட்டுக்கு அபராதம் வாங்கிக்கொள்ளலாம். அதில் யாரும் இறங்க முடியாது.

இன்னொரு விசித்திரம். தேசிய விதித் தொகுப்பு 15 மீட்டர் உயர்ந்தாலே உயர்மாடிக் கட்டடம் என்கிறது. தமிழ்நாட்டின் 2019-ஆம் ஆண்டு விதிகளோ 18.30 மீட்டரைத் தாண்டினால்தான் உயர்மாடி என்கின்றன. அதற்குக் கீழே விதியே இல்லை என்று நாம் சொல்லவில்லை; கண்டிப்பு தளர்ந்துவிடுகிறது. நடுவில் உள்ள மூன்று மீட்டர் சொச்சம் ஒரு முழு மாடி. அங்கே நூறு பேர் வேலை செய்ய இடமிருக்கிறது. புகைக்குத் தமிழ்நாடு, டில்லி என்று தனித்தனி அளவுகோல் கிடையாது.

ஏணி வண்டி இருக்கிறதே என்று சிலர் சமாதானம் சொல்வார்கள். இருக்கிறது. மாலை ஆறு மணிக்குத் தாம்பரம் ரயில் நிலையத்தின் வாசலில் நின்று பார்த்தவர்களைக் கேளுங்கள், அந்த நெரிசலில் நீண்ட வண்டி எத்தனை நிமிஷத்தில் நகரும் என்று. வந்தாலும், கட்டடத்தைச் சுற்றி அது திரும்ப விட்டிருந்த இடத்தில் கார்கள் நிற்கின்றன. கட்டடத்துக்குள்ளேயே தப்பும் வழி இருக்க வேண்டும் என்று நாம் வற்புறுத்துவது இதனால்தான்.

மத்திய சர்க்கார் 2025 நவம்பர் 21-ல் நான்கு தொழிலாளர் தொகுப்புச் சட்டங்களை அமுலுக்குக் கொண்டுவந்தது. 1948-ஆம் ஆண்டுத் தொழிற்சாலைச் சட்டம் அதில் கரைந்துபோயிற்று. ஆய்வாளர் என்ற பெயரோடு 'வசதி செய்து கொடுப்பவர்' என்று ஒரு வாலையும் ஒட்டியிருக்கிறார்கள். யாருக்கு வசதி? 500 பேருக்கு மேல் உள்ள நிறுவனங்களில் பாதுகாப்புக் கமிட்டி என்று பெருமையாக அறிவித்தார்கள். ஒரு கண்ணாடிக் கட்டடத்தில் இருபது கம்பெனிகள் என்று வைத்துக்கொள்வோம். ஒவ்வொன்றிலும் இருநூறு பேர். நாலாயிரம் பேர் ஒரே படிக்கட்டில் இறங்க வேண்டும். ஆனால் கமிட்டிக்குத் தகுதியான கம்பெனி ஒன்றுகூட இல்லை! துப்புரவுக்கும் காவலுக்கும் வந்த கான்டிராக்ட் தொழிலாளிகள் எந்தக் கணக்கிலும் சேர மாட்டார்கள்.

ஆகவே நாம் கோருவது இது. கமிட்டி கம்பெனிக்கு ஒன்று அல்ல, கட்டடத்துக்கு ஒன்று. அதில் கான்டிராக்ட் தொழிலாளிகளுக்கும் இரவு ஷிப்டுக்கும் பிரதிநிதிகள் இருக்க வேண்டும். மாதம் ஒருமுறை கதவுகளையும் பம்பையும் தொட்டியையும் தாங்களே பார்த்துக் கையெழுத்திடும் உரிமையும், அதற்காக எவரையும் வேலையை விட்டு நீக்கக் கூடாது என்ற பாதுகாப்பும் அவர்களுக்குச் சட்டத்தில் வேண்டும். தீயணைப்பு லைசென்சும் அது முடியும் தேதியும் வாசலில், தமிழில், எல்லோரும் படிக்கும்படி ஒட்டப்பட வேண்டும். ஒத்திகை காலை பதினோரு மணிக்கு மட்டும் அல்ல, இரவு இரண்டு மணிக்கும் விடியற்காலை ஐந்து மணிக்கும் நடக்க வேண்டும். உயர்மாடி அளவை 15 மீட்டராக்க வேண்டும். தாம்பரம் மாநகராட்சியும் பெருநகர் வளர்ச்சிக் குழுமமும் தங்கள் எல்லையில் உள்ள பழைய மாடிக் கட்டடங்களைக் கணக்கெடுத்து, குறைகளைப் பகிரங்கமாக வெளியிட வேண்டும்.

நடக்கிற காரியமா என்று கேட்பவர்களுக்கு ஒன்று ஞாபகப்படுத்துகிறோம். கடைச் சிப்பந்திகள் நாள் முழுதும் நின்றே வேலை செய்தார்கள். உட்கார ஒரு நாற்காலி வேண்டும் என்று கேரளத்துப் பெண்கள் போராடினார்கள். 2018-ல் அங்கே சட்டம் வந்தது. 2021-ல் தமிழ்நாட்டிலும் வந்தது. நாற்காலியைச் சட்டமாக்க முடிந்தவர்களுக்குப் படிக்கட்டையும் ஆக்க முடியும்.

பல்லாவரம் முதல் பெருங்களத்தூர் வரையிலும், பெருங்குடி முதல் சிறுசேரி வரையிலும் உள்ள நமது கிளைகள் இந்த வாரமே வேலையைத் தொடங்கட்டும். அந்தந்தக் கட்டடத்தில் உழைப்பவர்களைச் சந்தியுங்கள். எந்த மாடியில் எந்தக் கதவு பூட்டியிருக்கிறது, சாவி யாரிடம், எத்தனை மணி முதல் எத்தனை மணி வரை என்று குறித்து நமக்கு எழுதுங்கள். சொன்னவர் பெயரை வெளியிட மாட்டோம். திரட்டியதை மாநகராட்சி ஆணையரிடமும் தீயணைப்பு அதிகாரியிடமும் நேரில் கொண்டுபோய்க் கொடுப்போம்.