ஸ்டீராய்டு: பயமும் வேண்டாம், விளையாட்டும் வேண்டாம்!

"ஸ்டீராய்டா? ஐயையோ, வேணாம் டாக்டர்!" என்று அலறுகிறவர்கள் ஒரு பக்கம். "ரெண்டே வேளையில மூட்டுவலி போயிடுச்சு" என்று பெயர் தெரியாத பொடியை மாதக்கணக்கில் விழுங்குகிறவர்கள் இன்னொரு பக்கம். இரண்டு பேருமே கொஞ்சம் கேளுங்கள்.

நம் சுரப்பிகள் ரத்தத்தில் கலந்துவிடும் ரசாயனத் தூதுவர்கள்தான் ஹார்மோன்கள். எல்லா ஹார்மோனும் ஸ்டீராய்டு அல்ல. இன்சுலின் வேறு வகை. தைராய்டு ஹார்மோனும் வேறு வகை. சிறுநீரகத்தின் மேல் தொப்பி மாதிரி உட்கார்ந்திருக்கும் அட்ரீனல் சுரப்பியின் கார்ட்டிசால், பெண்களின் ஈஸ்ட்ரோஜன், ஆண்களின் டெஸ்டோஸ்டிரோன் ஆகியவை ஸ்டீராய்டு குடும்பம். ஆஸ்துமாவுக்கு எழுதித் தரும் பிரெட்னிசோலோன், கார்ட்டிசால் வகை. தசை ஏற்றுவதற்காக ஜிம்மில் சிலர் போட்டுக்கொள்ளும் ஊசி, டெஸ்டோஸ்டிரோன் வகை. குடும்பப் பெயர் ஒன்று. வேலை வேறு வேறு.

1948-ல் அமெரிக்காவில் முடக்குவாத நோயாளிக்கு முதன்முதலில் கார்ட்டிசோன் கொடுத்தார்கள். நடக்கவே சிரமப்பட்டவர் சில நாட்களில் நடமாடினார். 1950-ல் அதற்கு நோபல் பரிசும் கிடைத்தது. கொரோனா காலத்தில் ஆக்ஸிஜன் தேவைப்பட்டவர்களின் உயிரிழப்பைக் குறைத்தது டெக்ஸாமெதசோன் என்று 2020-ல் தெரிந்தது. சித்த வைத்தியன் என்பதற்காக நான் இதை மறைக்க முடியுமா?

ஆனால், கண்காணிப்பு இல்லாமல் மாதக்கணக்கில் சாப்பிட்டால் முகம் உப்பும், சர்க்கரையும் ரத்த அழுத்தமும் ஏறும், எலும்பு பலமிழக்கும்.

எங்கள் பக்கத்து அழுக்கையும் சொல்லியாக வேண்டும். 'சுத்த மூலிகை' என்ற பெயரில் ஸ்டீராய்டு கலந்து விற்கும் போலிகள் உண்டு. பல வருஷ மூட்டுவலி ஒரே நாளில் மாயமானால் சந்தோஷப்படாதீர்கள், சந்தேகப்படுங்கள். லைசென்ஸ் எண், சேர்மானம், காலாவதித் தேதி இல்லாத பொட்டலத்தை வாங்காதீர்கள்.

இன்னொன்று, மிக முக்கியம். பல வாரம் ஸ்டீராய்டு சாப்பிட்டவருக்கு சொந்தச் சுரப்பி தூங்கிப் போயிருக்கும். திடீரென நிறுத்தினால் வாந்தி, கடும் சோர்வு, ரத்த அழுத்தச் சரிவு வந்து உயிருக்கே ஆபத்தாகலாம். டாக்டர் சொல்படி படிப்படியாகத்தான் குறைக்க வேண்டும். "சித்தாவுக்கு மாறிட்டேன், அந்த மாத்திரையை நிறுத்திட்டேன்" என்று யாராவது வந்தால், முதலில் அந்த டாக்டரிடமே அனுப்பி வைப்பேன். சந்தேகப் பொடியை நாள்கணக்கில் சாப்பிட்டவர்களும் பயந்துபோய் நீங்களாகவே நிறுத்த வேண்டாம். பொட்டலத்தோடு உடனே டாக்டரைப் பாருங்கள்.

எந்த வைத்தியமானாலும் சரி, "இதில் என்ன இருக்கு?" என்று கேளுங்கள். பதில் சொல்லாதவரிடம் மருந்து வாங்காதீர்கள்!